கிழக்குக் கரையோர நகரங்கள்: ஆளுகையும் பிணக்குத் தீர்வும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை நீளும் கரையில் நகரங்களும் ஊர்களும் பெரும்பாலும் கடலுக்கும் களப்புக்கும், அல்லது கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அமைந்துள்ளன. சூறாவளி, வெள்ளம், கடலரிப்பு, ஆழிப்பேரலை ஆகிய நான்கையும் கண்ட இந்த நிலத்தில், ஆபத்து வந்துபோன பின்னர் எஞ்சுவது பெரும்பாலும் ஒரு வழக்கு அல்லது ஒரு தகராறு. பிரதேச செயலகங்களிலும் கடற்றொழிலாளர் சங்கங்களிலும் விவசாய அமைப்புகளிலும் மீண்டும் மீண்டும் எழும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. இவை பொதுவான விளக்கங்கள். குறிப்பிட்ட வழக்கொன்றுக்குச் சட்டத்தரணியின் ஆலோசனை அவசியம்.

சட்டம் சொல்லும் கரையோர வலயம் எது? என் வளவு அதற்குள் வருமா?

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றரும், சராசரி தாழ்நீர் மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றரும் கரையோர வலயமாகும். கடலோடு நிரந்தரமாகவோ இடைக்கிடையோ தொடர்புபடும் ஆறு, ஓடை, களப்பு ஆகியவற்றில் இந்த எல்லை வாயிலிருந்து உள்நோக்கி 2 கிலோமீற்றர் வரை செல்லும். 2011ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இந்த வரையறையை நீர்நிலைகளின் ஓரங்களுக்கும் விரிவுபடுத்தியது. "இடைக்கிடை" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வருடத்தில் சில வாரங்கள் மட்டும் கடலோடு சேரும் கல்லாற்று வாயும், மணல் மூடிக் கிடக்கும் தோணா எனப்படும் கரையோர நீரோடைகளும் அந்தச் சொல்லினால்தான் வலயத்துக்குள் வருகின்றன. வளவிலிருந்து கடல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது வலயத்துக்குள் இருக்கலாம்.

ஒரே கரைக்கு ஏன் இத்தனை திணைக்களங்கள்?

மணல் அரசுக்குரியது, அதில் கட்டடம் எழுப்புவதற்கான அனுமதி கரையோரம் பேணல் திணைக்களத்துக்குரியது, மணலை அள்ளுவதற்கான உரிமம் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்துக்குரியது, கரைவலைப் பாடு (கரையிலிருந்து வலை இழுக்கும் இடம்) கடற்றொழில் திணைக்களத்துக்குரியது, குப்பையும் வடிகாலும் கட்டட வரைபடமும் மாநகர சபைக்கோ நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ உரியவை, அரச காணி பிரதேச செயலாளரின் பொறுப்பில் இருக்கிறது, துறைமுகம் இருந்தால் அது வேறொரு நிறுவனத்துக்குரியது. ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காக இயற்றப்பட்ட சட்டத்திலிருந்து அதிகாரம் பெறுகிறது. ஆகவே, ஒரு திணைக்களத்தின் அனுமதி இன்னொன்றின் அனுமதிக்கு ஈடாகாது. சபை வரைபடத்தை அங்கீகரித்துவிட்டது என்பதற்காகக் கரையோர அனுமதி தேவையில்லை என்று நம்பிக் கட்டியவர்கள் பிறகு அல்லற்படுவது இப்பகுதியில் சாதாரணமாக நடப்பது.

இந்தச் சிதறலைச் சட்ட நூலில் படிப்பதைவிட ஒரு முறைப்பாட்டோடு அலைந்து பார்த்தால் தெளிவாக விளங்கும். ஒவ்வொரு மேசையிலும் "இது எங்களுடையதல்ல" என்பார்கள். பல வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆகவே, எந்த முறைப்பாட்டையும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான திகதி முத்திரையைப் பிரதியில் வாங்கி வைத்திருப்பது முதல் வேலை. பின்னர் நீதிமன்றம் கேட்கும் முதற் கேள்வி, யாரிடம் எப்போது கேட்டீர்கள் என்பதுதான்.

உறுதிக் காணியில் வீடு கட்டுவதற்கும் கரையோர அனுமதி வேண்டுமா?

வேண்டும். காணி உங்களுடையது என்பதும், அதில் என்ன செய்யலாம் என்பதும் தனித்தனிக் கேள்விகள். சட்டத்தின் கண்ணில், கரையோர வலயத்தின் இயல்பான தன்மையை மாற்றக்கூடிய எந்தச் செயலும் அபிவிருத்தி நடவடிக்கையே: கட்டடம் கட்டுவது, கழிவைக் கொட்டுவது, மணலையோ சிப்பியையோ இயற்கைத் தாவரத்தையோ அகற்றுவது, தோண்டுவது, நிரப்புவது எல்லாம் அதில் அடங்கும். மீன்பிடித்தல் அடங்காது. சிறிய வேலைகளுக்கான அனுமதியை வழங்கும் அதிகாரம் பிரதேச செயலாளர்களுக்குப் பகிரப்பட்டுள்ளதால், சாதாரண வீட்டுக்கான விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே தொடங்கலாம். மறுக்கப்பட்டால், அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்யலாம். மறுப்பை வாய்ச்சொல்லாக ஏற்றுக்கொள்ள வேண்டாம். காரணத்துடன் எழுதித் தரும்படி கேளுங்கள்.

அனுமதியின்றிக் கட்டியதை இடித்தகற்றுமாறு உத்தரவிடும் அதிகாரம் திணைக்களத்துக்கு உண்டு. அறுகம்குடாப் பக்கத்தில் விடுதி நடத்துவோர் இதை நன்கறிவர்.

2004க்குப் பிறகு சொல்லப்பட்ட 200 மீற்றர் தடை இன்னும் நடைமுறையில் இருக்கிறதா?

இல்லை. ஆழிப்பேரலைக்குப் பின் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் எனத் தடை வலயம் அறிவிக்கப்பட்டது. சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கல்முனையிலும் 200 மீற்றருக்குள் இருந்த மக்களைக் குடியமர்த்த மேற்கே இருந்தது வயல் மட்டுமே. நாவலடியிலோ கடலிலிருந்து 200 மீற்றர் பின்வாங்கினால் பல இடங்களில் களப்புக்குள் காலை வைக்க நேரும். அந்த அளவுகோல் பின்னர் தளர்த்தப்பட்டு, இன்று கரையோர முகாமைத்துவத் திட்டம் கரையின் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே விதிக்கும் பின்வாங்கல் தூரங்களே செல்லுபடியாகின்றன. நடைமுறையிலுள்ள திட்டத்தில் உங்கள் துண்டு எதுவென்று திணைக்களத்திடம் கேட்டறிவதே சரியான வழி. பழைய தடையை நினைவில் வைத்து ஒருவரை விரட்டுவதும், அது நீங்கிவிட்டது என்பதால் எதையும் கட்டலாம் என்று எண்ணுவதும் ஒரே அளவு தவறானவை.

அந்தக் காலத்து மீள்குடியேற்றத்தின் காயம் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் வெளிப்படையாகத் தெரிந்தது. சவூதி அரேபிய உதவியுடன் கட்டப்பட்ட 500 வீடுகள், யாருக்குப் பகிர்வது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றதனால், ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் காடு பற்றிக் கிடந்தன. பயனாளிகளைத் தெரிவு செய்யும் அளவுகோலை அடித்தளம் போடுவதற்கு முன்பே வெளியிட்டு ஆட்சேபங்களைக் கேட்டிருந்தால், அந்த வழக்கின் பெரும்பகுதி எழுந்திருக்காது என்பதே எமது கருத்து.

ஆற்றுவாய் வெட்டும் முடிவை யார் எடுக்க வேண்டும்? ஏன் ஒவ்வொரு மாரியிலும் தகராறு?

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. வடக்கே பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரமும் தெற்கே கல்லாற்றுப் பக்கத்து வாயும் அதன் வடிகால்கள். மேற்கிலுள்ள குளங்கள் நிரம்பி வான்பாயும்போது வாவி ஏறுகிறது. மேற்குக் கரையான படுவான்கரையில் பெரும்போக வேளாண்மை கழுத்தளவு நீரில் நிற்கிறது. கிழக்குக் கரையான எழுவான்கரையில் தாழ்வான குடியிருப்புகளுக்குள் தண்ணீர் வருகிறது. அப்போது விவசாயிகள் ஆற்றுவாயை உடனே வெட்டச் சொல்வார்கள். வாவியில் தொழில் செய்வோர் பொறுக்கச் சொல்வார்கள், ஏனெனில் நீர் வடிந்தோடும்போது இறாலும் மீனும் அதனோடு போய்விடும், பிறகு உப்புநீர் ஏறிவரும்.

பெக்கோ இயந்திரம் மணற்திட்டில் கீறுவது ஒரு சிறு வாய்க்கால் மட்டுமே. மிச்சத்தைத் தண்ணீரே பார்த்துக்கொள்கிறது: சில மணித்தியாலங்களில் இரு கரையும் சரிந்து விழ, வாய் அகன்று, யாராலும் மூட முடியாததாகிவிடுகிறது. ஒருதடவை எடுத்தால் திருப்ப முடியாத முடிவு என்பதால், இதற்குச் சட்ட முறைமை கூடுதலாகத் தேவை.

நடைமுறையில், மாவட்டச் செயலாளரின் தலைமையில் நீர்ப்பாசனம், கமநல சேவை, கடற்றொழில், அனர்த்த முகாமைத்துவம் ஆகிய தரப்புகள் கூடி இந்த முடிவை எடுக்கின்றன. அந்தக் கூட்டம் பெரும்பாலும் வெள்ளம் வந்த பின்னரே நடக்கிறது. வயல் மூழ்கியவரும் வலை போட்டவரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் நேரத்தில், மழை கொட்டிக்கொண்டிருக்க, நிதானமான தீர்ப்பை எவரிடமும் எதிர்பார்க்க முடியாது. வாவியின் குறித்த இடத்தில் நாட்டிய அளவுகம்பத்தில் நீர் எந்த மட்டத்தைத் தொட்டால் வெட்டுவது, யார் கையொப்பமிடுவது, மீன்பிடிக் குடும்பங்களுக்கு எத்தனை நாள் முன்னறிவித்தல் கொடுப்பது ஆகியவற்றைப் பெரும்போக ஆரம்பக் கூட்டத்தின் காலத்திலேயே இரு தரப்பும் இணங்கி எழுதி வைப்பது சாத்தியமானது. பயிர்ச் செய்கைக்கான நீர் திறப்புத் திகதிகளை விவசாயிகள் அவ்வாறுதான் முன்கூட்டித் தீர்மானிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் கடற்றொழிலாளருக்கு ஒரு நாற்காலி போடுவது பெரிய காரியமல்ல. சங்கங்கள் இந்தக் கோரிக்கையை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் முன்வைத்து, கூட்டக் குறிப்பில் பதியச் செய்ய வேண்டும்.

ஒலுவிலின் கதை எங்களுக்கு என்ன சொல்கிறது?

டென்மார்க்கின் நிதியுதவியுடன் கட்டப்பட்ட ஒலுவில் துறைமுகம் 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. இக்கரையோரமாக மணல் அலையோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்ததும், ஒரு பக்கம் மணல் குவிந்து துறைமுக வாயை அடைத்தது. வடக்குப் பக்கத்தில் மணல் வந்து சேராததால் கடல் கரையைத் தின்றது. ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னைகள் வேரோடு சரிந்தன, தோணிகளை இழுத்து வைக்க இடமில்லாமல் போயிற்று.

பிறகு பிணக்கு இரண்டு தரப்பாகப் பிரிந்தது. துறைமுக வாயில் அடைத்த மணலை அகற்றினால்தான் படகு வெளியேறும் என்றனர் ஆழ்கடல் மீனவர். துறைமுகம் இயங்குவதற்கு முன் எங்கள் கரையைக் காப்பாற்றுங்கள் என்றனர் கடலரிப்புக்கு உள்ளானோர். இரு தரப்பாரும் பாதிக்கப்பட்டவர்களே, இரு தரப்பாரும் அயலூர்க்காரர்களே. ஆனால் அவர்களை மோதவிட்ட பொறியியல் தீர்மானத்தை எடுத்தவர்கள் அந்தச் சண்டையில் எங்கும் தெரியவில்லை.

இதில் சட்டத்துக்குரிய பாடம் ஒன்று இருக்கிறது. கரையில் போடும் கல் எந்த ஊரில் விழுகிறதோ அந்த ஊரில் மட்டும் ஆலோசனை கேட்பது போதாது. மணல் செல்லும் திசையில் உள்ள ஊர்களிடமும் கேட்க வேண்டும். ஓர் ஊரைக் காக்கப் போடும் கற்தடுப்பு, அரிப்பை அடுத்த ஊருக்குத் தள்ளிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. அதனால், உங்கள் ஊரில் கல் போடக் கோரி மனுக் கொடுக்கும்போதே அடுத்த ஊருக்கான தாக்கத்தையும் ஆராயக் கோருவது, நாளைய வழக்கொன்றைத் தவிர்க்கும்.

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டில் பொதுமக்கள் எப்போது பேசலாம்?

அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு அறிவித்தல் வெளியானதிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்தில் கருத்துத் தெரிவிக்கலாம். கரையோர வலயத்துக்குள் முழுமையாக அமையும் திட்டத்துக்குக் கரையோரம் பேணல் சட்டத்தின் கீழும், ஏனையவற்றுக்கு 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழும் இந்த நடைமுறை இடம்பெறுகிறது. திருக்கோவிலிலும் கதிரவெளிப் பக்கத்திலும் இல்மனைற் என்ற கனிம மணல் அகழ்வுக்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கியபோது எழுந்த குரலுக்கு அரசியல் வலு இருந்தது. அதே எதிர்ப்பு 30 நாட்களுக்குள் எழுத்தில் பதியப்பட்டால், பின்னர் நீதிமன்றத்தில் "கேட்டோம், பதில் தரவில்லை" என்று காட்டக்கூடிய சான்றாகவும் அது மாறும். "திட்டம் வேண்டாம்" என்று ஒரு வரி எழுதுவதைவிட, அறிக்கையின் இந்தப் பக்கத்தில் எங்கள் கரைவலைப் பாடுகள் குறிப்பிடப்படவில்லை, எங்கள் கிணறுகளின் நீர் அளக்கப்படவில்லை என்று சுட்டி எழுதுவது பலமானது.

அரச காணியிலிருந்து வெளியேறும்படி அறிவித்தல் வந்தால்?

இங்கே தாமதம் மன்னிக்கப்படாது. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (ஆட்சி மீளப்பெறல்) சட்டத்தின் கீழ் அறிவித்தல் வந்து, வெளியேறாவிட்டால், தகுதிவாய்ந்த அதிகாரி நீதவான் நீதிமன்றத்துக்குச் செல்வார். அங்கே நீங்கள் சொல்லக்கூடிய எதிர்வாதம் கிட்டத்தட்ட ஒன்றே: அரசின் செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ எழுத்திலான அதிகாரமோ என்னிடம் உண்டு என்பது. எத்தனை தலைமுறையாக இருந்தோம் என்பதை நீதவான் விசாரிக்க முடியாது. காணி உண்மையில் உங்களுக்கே உரித்தானது என்றால், வெளியேற்றக் கட்டளையிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் உரித்து வழக்குத் தாக்கல் செய்யலாம். அறிவித்தலே சட்டவிரோதமானது என்றால், கட்டளை வருவதற்கு முன்பே, அதை இரத்துச் செய்யக் கோரும் எழுத்தாணை (ரிட்) மனுவோடு செல்ல வேண்டும்.

பாணமையில் நடந்ததை அறிந்திருப்பது நல்லது. 2010இல் கடலோரக் காணிகளிலிருந்து மக்கள் விரட்டப்பட்டனர். 2015 பெப்ரவரியில் 365 ஏக்கரில் 340 ஏக்கரை விடுவிக்க அமைச்சரவை தீர்மானித்தது. தீர்மானம் தரையில் நடைமுறைக்கு வராததால், மக்கள் தாமாகவே மீண்டும் உள்ளே சென்று குடிசை போட நேர்ந்தது. அமைச்சரவைத் தீர்மானம் கையில் இருப்பதும் காணி கையில் இருப்பதும் ஒன்றாகிவிடவில்லை.

எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

துர்நாற்றம், அடைத்த வடிகால், வீதியோரக் குப்பைமேடு போன்ற பொதுத் தொல்லைக்கு, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் உள்ளூர் நீதவானே நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்கலாம். செலவு குறைவு, வேகம் அதிகம். இவ்வளவு நல்ல கருவியை நமது ஊர்களில் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள்.

அரச அதிகாரியின் முடிவை இரத்துச் செய்யவோ கடமையைச் செய்விக்கவோ ரிட் எனப்படும் எழுத்தாணை தேவை. முடிவு மாகாண சபைக்கு ஒதுக்கப்பட்ட விடயங்களின் நிரலிலுள்ள ஒன்றைப் பற்றியது என்றால், அரசியலமைப்பின் 154P(4) உறுப்புரையின் கீழ் மட்டக்களப்பு அல்லது கல்முனை மாகாண மேல் நீதிமன்றத்துக்குச் செல்லலாம். கரையோரம் பேணல் திணைக்களம் போன்ற மத்திய நிறுவனத்தின் முடிவு என்றால் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றமே வழி. எழுத்தாணைக்குச் சட்டம் குறித்த நாளெல்லை இல்லை. ஆயினும் தாமதித்தவரை நீதிமன்றம் திருப்பி அனுப்பும்.

சமத்துவம், தொழில் செய்யும் உரிமை போன்றவை நிருவாக நடவடிக்கையால் மீறப்பட்டால், உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்யலாம். 126ஆம் உறுப்புரையின்படி அதற்கு ஒரு மாதமே அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் சேராது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. ஆனால் வெறுமனே முறைப்பாட்டைப் போட்டுவிட்டு இருந்தால் போதாது. விசாரணை நடைபெறுகிறது என்பதைக் காட்டும் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

சுற்றாடலுக்கென அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் தனி உரிமை இல்லை. இருந்தும், 2000ஆம் ஆண்டின் எப்பாவல பொஸ்பேற்று வழக்கிலிருந்து, இயற்கை வளங்களை அரசு மக்களுக்கான நம்பிக்கைப் பொறுப்பாகவே வைத்திருக்கிறது என்ற கோட்பாட்டை உயர் நீதிமன்றம் பயன்படுத்தி வருகிறது. களப்பும் கடற்கரையும் பற்றிய மனுக்களுக்கு இதுவே முதுகெலும்பு.

மத்தியஸ்த சபை இதற்கெல்லாம் உதவுமா?

அயலவர்களுக்கிடையிலான எல்லை, வழி, வடிகால், வலைச் சேதம் போன்றவற்றுக்கு நன்றாக உதவும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான சபைகள் தீர்ப்புச் சொல்வதில்லை. இணக்கம் காண உதவுகின்றன. காணி போன்ற குறித்த வகைப் பிணக்குகளுக்கு 2003ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் விசேட மத்தியஸ்த சபைகளுக்கு வழி செய்தது. ஆனால், சட்டப்படி அனுமதி தேவையான ஒன்றை இரு தரப்பும் இணங்கிவிட்டோம் என்பதால் அனுமதியின்றிச் செய்ய முடியாது. இரண்டு பேர் சேர்ந்து தோணாவை நிரப்ப இணங்கினாலும், வெள்ளம் வருவது மூன்றாமவர் வீட்டுக்கு.

வயலும் சதுப்பும் நிரப்பப்படுவதை எப்படித் தடுப்பது?

முதல் லொறி மண் கொட்டும்போதே தடுக்க வேண்டும். நெற்காணியை நிரப்புவதற்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி தேவை. களப்போரம் என்றால் கரையோர அனுமதியும் தேவை. திகதியுடன் நிழற்படம் எடுத்து, இரு இடங்களிலும் ஒரே நாளில் எழுத்து முறைப்பாடு கொடுங்கள். கட்டடம் எழும்பி ஆட்கள் குடியேறிய பின் எந்த அதிகாரியும் இலகுவில் கை வைக்கமாட்டார்.

சேதத்துக்கு நட்டஈடு கிடைக்குமா?

மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும் என்ற நெறியை நமது நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் நிலத்தடி நீர் எண்ணெயால் மாசுபட்ட வழக்கில், மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தொடர்பில், 100 கோடி அமெரிக்க டொலர் செலுத்துமாறு 2025 ஜூலையில் உத்தரவிட்டது. இரண்டிலும் மாசுபடுத்தியவர் யார் என்பது தெளிவாக இருந்தது. கடலரிப்பில் நிலைமை கடினம்: இயற்கையான அரிப்பு எவ்வளவு, கட்டுமானத்தால் வந்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். அதற்குக் கட்டுமானத்துக்கு முந்தைய கரைக்கோட்டின் நில அளவைப் படங்களும் வான் படங்களும் இன்றியமையாதவை. உங்கள் காணியின் பழைய நில அளவைப் படத்தைப் பத்திரப்படுத்துங்கள். கடல் கொண்டுபோன நிலத்துக்கு அதுவே சாட்சி.

அதிகாரிகள் ஆவணங்களைத் தர மறுத்தால்?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அறிவிக்க வேண்டும். மறுத்தால், 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையிடலாம். "கடலரிப்பு பற்றிய விபரம் தரவும்" என்று கேட்டால் வெறும் பதிலே வரும். "இன்ன கிராம சேவகர் பிரிவில் இன்ன ஆண்டு முதல் கடற்கரையில் கல் போடுவதற்கு வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரங்களின் பிரதிகளும், அவற்றுக்கு முன் செய்யப்பட்ட ஆய்வறிக்கைகளும், அவ்வாறு ஆய்வு எதுவும் செய்யப்படவில்லை எனில் அதைக் கூறும் கடிதமும்" என்று கேளுங்கள். அந்த மூன்றாவது பகுதிதான் வழக்கில் அதிகம் பயன்படும்.

எல்லாவற்றையும் தமிழில் செய்யலாமா?

அரசியலமைப்பின்படி கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிருவாக மொழி. இங்குள்ள நீதிமன்றங்களிலும் தமிழில் வழக்காடலாம். பிற மொழியில் வந்த கடிதத்துக்குத் தமிழ்ப் பிரதி கேட்பது உங்கள் உரிமை. கொடுக்காவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவில் முறையிடலாம். கொழும்பு மேல்நிலை நீதிமன்றங்களில் நடைமுறையில் ஆவணங்கள் ஆங்கிலத்திலேயே செல்கின்றன. மொழிபெயர்ப்பும் பயணமும் சட்டத்தரணிக் கட்டணமும் சேர்ந்து, ஒரு கரைவலைக் குடும்பத்தால் தனியே தாங்க முடியாத செலவாகிவிடுகின்றன. வருமானம் குறைந்தோர் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். பலர் ஒரே பாதிப்புக்கு உள்ளாகியிருந்தால் சங்கத்தின் பெயரிலும் சில தனியாட்களின் பெயரிலுமாகச் சேர்ந்து மனுத் தாக்கல் செய்வது செலவையும் குறைக்கும், நீதிமன்றத்தில் யாருக்குப் பாதிப்பு என்ற ஆட்சேபத்துக்கும் இடம் வைக்காது. சங்கத்தின் பதிவு நடப்பாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, மனுத் தாக்கல் செய்யும் தீர்மானம் கூட்டக் குறிப்பில் இருக்கிறதா என்பவற்றைச் சட்டத்தரணியிடம் போகும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.